ஆடாத கை

பக்கத்துக் கட்டில் பெரியவர் கடைக்காரரின் கண்ணுக்கு ஆடாகத் தெரிய ஆரம்பித்தது காலை பத்து மணிக்கு.

அதுவரை கூரையை வெறித்துக்கொண்டு படுத்திருந்தவர், திடீரென்று சொட்டு மருந்து ஊசியைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். ரத்தம் முழங்கை வழியாக வடிந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீங்கிப்போன கால்களைத் தரையில் ஊன்றி எழுந்தார். பன்னிரண்டாம் கட்டிலில் பெரியவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கணுக்கால்களையும் கடைக்காரர் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார். முப்பத்தைந்து வருடம் கறிக்கடையில் ஆடு பிடித்த கை அது. ஒரே இழுப்பு. பெரியவரின் மண்டை தரையில் மோதிய சத்தம் வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"கொக்கியை எடுடி! மசமசன்னு நிக்காதே, கூட்டம் வந்துடும்!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

அவள் சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கி நின்றாள். அடி வரும்போது எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பது அவள் உடம்புக்கே தெரியும். அதை யோசிக்க வேண்டியதே இல்லை.

வார்டு ஊழியர் ஓடி வந்தார். நோயாளிகளை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கட்டிலில் போடுவதால் அவருக்கு 'லிஃப்ட்' என்று பெயர். "விடுங்கய்யா, விடுங்க" என்று அவர் குனிந்ததுதான் தாமதம், கடைக்காரர் சொட்டு மருந்துக் கம்பியைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தார். மூக்கு எலும்பு முறிந்தது. வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

பெரியவரின் அலமாரியில் ஆப்பிளோடு ஒரு சின்னக் கத்தியும் இருந்தது. கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். இரண்டே எட்டு. கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, முதுகில் முட்டி போட்டு மண்டியிட வைத்து, தலையைப் பின்னால் வளைத்தார். தாடை எலும்புக்கு அடியில் அவர் கட்டைவிரல் ஏறியது.

அவளுக்கு அந்தப் பிடி தெரியும். ஆயிரக்கணக்கான தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அந்தப் பிடிக்குப் பிறகு இரண்டாவது வெட்டு தேவைப்பட்டதே இல்லை.

வார்டில் எல்லோரும் கத்தினார்கள். அவள் கத்தவில்லை. தொண்டைக்குழியில் இரும்பு பட்டபோது, கடையில் தினமும் காதில் விழும் ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

"ஏங்க, கத்தி மொட்டைங்க."

கை நின்றது.

"மொட்டைக் கத்தியில அறுத்தா நீங்களே திட்டுவீங்க. குடுங்க, சாணை புடிச்சுத் தரேன்."

கடைக்காரர் கத்தியை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகம் அருவருப்பில் சுருங்கியது. மொட்டைக் கத்தியை எடுத்த வேலையாளை ஒரு தடவை பல் உதிர அடித்தவர் அவர்.

"எந்த நாய்டி இந்தக் கத்தியை இங்க வச்சது?" என்று கேட்டு, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினார். புத்தி போயும் தொழில் பழக்கம் போகவில்லை.

அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த நொடி மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக லிஃப்டும் இன்னும் மூன்று பேரும் அவர்மேல் விழுந்தார்கள். கை கால்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் கட்டிலோடு சேர்ந்து துள்ளினார். காறி உமிழ்ந்தார். அவள் தாயையும் தாயின் தாயையும் இழுத்து வைத்துத் திட்டினார்.

இளம் டாக்டர் மூச்சிரைக்க வந்தார். "தூக்க ஊசி போடுங்க. ரெண்டு ஆம்பியூல்."

"வேண்டாம் டாக்டர்."

சொன்னது மருந்தாளர். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலாக வந்து, கால்மாட்டில் தொங்கும் மருந்துத் தாளை வரி வரியாகப் படித்து, அதில் ஏதாவது ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வார்டில் அவருக்கு 'சல்லடை' என்று பட்டப்பெயர்.

"வேண்டாமா? மேடம், அந்தக் கழுத்தைப் பார்த்தீங்களா?" டாக்டர் கடைக்காரரின் மனைவியைக் காட்டினார். தொண்டையில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு.

"பார்த்தேன். ஆனா இவரோட ஈரலால அந்த ஊசியைக் கரைக்க முடியாது. மத்தவங்களுக்கு ஆறு மணி நேரம்னா இவருக்கு அப்படியே தேங்கி நிக்கும். தூங்குவார். எழுந்திருக்க மாட்டார்."

"எழுந்தா யாரை வெட்டுவாரோ!"

"கட்டியிருக்கோம் இல்ல? முதல்ல ஏன் இப்படி ஆனார்னு பார்ப்போம்." சல்லடை தாளை எடுத்தார். "இவருக்கு வயிறு எப்போ போச்சு?"



அந்தக் கேள்வியை இரண்டு நாளாக யாரும் கேட்கவில்லை. வந்த முதல் நாள் கேட்டார்கள். அன்றைக்கு அந்தப் பிசுபிசுப்பான இனிப்பு சிரப்பைக் குடித்துவிட்டுக் கடைக்காரர் மூன்று தடவை படுக்கையிலேயே போய்விட்டார். அவள்தான் துடைத்தாள். மூன்றாவது தடவை குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் நெஞ்சில் உதைத்தார். அவமானம் வந்தால் அவருக்குக் கால் நீளும். அலமாரியின் விளிம்பில் இடித்து, அவளால் இரண்டு நிமிடம் மூச்சுவிட முடியவில்லை. அன்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். சிரப் போனால் வயிறு போகும். வயிறு போனால் உதை விழும். சிரப்பே போகாவிட்டால்?

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. சிஸ்டர் சிரப்பைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து, கூட இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு உடனே தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். முப்பது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். நோயாளி விழுங்கும்வரை யார் நிற்பது? ஆகவே தாள் சரியாக இருந்தது. இரண்டு நாளில் ஆறு கிண்ணம், ஆறு கையெழுத்து. ஆறையும் அவள் கைகழுவும் தொட்டியில் ஊற்றியிருந்தாள்.

"ரெண்டு நாளா போகலைங்க" என்றாள்.

"ஆறு வேளை சிரப் குடிச்சும் ஒரு தடவைகூடப் போகலையா?"

சல்லடையின் கண் தாளிலிருந்து எழுந்து, அவள் முகத்தில் நின்று, மெதுவாக மூலையிலிருந்த தொட்டிக்குப் போனது. அங்கே ஜன்னலிலிருந்து சுவர் வழியாக ஒரு எறும்புச் சாரி இறங்கி, தொட்டியின் ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. வார்டில் நான்கு தொட்டிகள். எறும்பு இந்த ஒன்றில்தான்.

அதே நேரம் பார்த்துக் கொழுந்தன் உள்ளே நுழைந்தான். இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். அண்ணனைக் கட்டிப் போட்டிருப்பதைப் பார்த்ததும் வேகமாக வந்து அவள் புஜத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"என்ன அண்ணி பண்ணீங்க? நல்லாத்தானே விட்டுட்டுப் போனேன்? அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, தோலை உரிச்சுக் கடை வாசல்ல தொங்கவிட்டுடுவேன். சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க."

அவன் சும்மா சொல்பவன் இல்லை. அவன் மனைவியின் முதுகில் அடையாளங்கள் இருந்தன. சுவரோடு நின்றபடியே அவள் சல்லடையைப் பார்த்தாள். அந்தப் பெண் வாயைத் திறந்து 'தொட்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் கதை முடிந்துவிடும் என்று தெரிந்தது.

சல்லடை குனிந்து தலையணையைத் தூக்கினார். அடியில் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பாதி காலி.

"இது யார் கொடுத்தது?"

"நான்தான்" என்றான் கொழுந்தன். "கால் குடையுதுன்னார். வலி மாத்திரைதானே?"

"இவருக்கு இதயம் பாதிதான் இழுக்குது. அதனாலதான் காலெல்லாம் நீர். இந்த மாத்திரை அந்த நீரை வெளியே விடாது. ஈரலுக்கும் ஆகாது, கிட்னியையும் சேர்த்துக் கொண்டுபோயிடும். அண்ணனை யார் என்ன பண்ணாங்கன்னு கேட்டீங்களே, முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க."

கொழுந்தனின் கை புஜத்திலிருந்து நழுவியது. சல்லடை டாக்டர் பக்கம் திரும்பினார். "வாய் வழியா கொடுத்தது உள்ளே வேலை செய்யல டாக்டர். அதே சிரப்பைத் தண்ணியில கலந்து அடிவழியா எனிமா கொடுப்போம். நீர் பிரியற மாத்திரையும் இந்தக் குழப்பத்தைக் கூட்டும், அதை ஒரு நாள் நிறுத்துவோம். சாயங்காலத்துக்குள்ள மாற்றம் தெரியும். தெரியலைன்னா உங்க இஷ்டம்."

டாக்டர் லிஃப்டின் மூக்கைப் பார்த்தார். அவர் பஞ்சை அழுத்திக்கொண்டே, "எனக்காகப் பார்க்காதீங்க சார். மூக்கு ஏற்கெனவே அழகா ஒண்ணும் இல்ல" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து சல்லடை அவளை மருந்து அறைக்குக் கூட்டிப் போனார். கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள், முனகும் குளிர்ப்பெட்டி, ஒரே ஒரு ஸ்டூல். அதில் அவளை உட்கார வைத்துக் கழுத்துக் கோட்டில் மருந்து தடவினார்.

"எத்தனை கிண்ணம் ஊத்துனீங்க?"

"ஆறும்."

"ஏன்?"

அவள் ரவிக்கைப் பொத்தானைத் தளர்த்தி நெஞ்சைக் காட்டினாள். குதிகால் அளவுக்கு ஒரு கருநீல வட்டம்.

சல்லடை அந்த வட்டத்திலும் மருந்தைத் தடவினார். பிறகு, "நல்ல ஈரல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாமலா? நாள் பூரா கழுவுறது அதைத்தானே. வழவழன்னு இருக்கும். விரல் வச்சா வழுக்கும். சிலது மட்டும் முடிச்சு முடிச்சா, இறுகிப் போய், கத்தி இறங்காது. அதை விக்க மாட்டோம். தூக்கிப் போட்டுடுவோம்."

"அந்த ரெண்டாவது ஈரல்தான் அவருக்குள்ள இருக்கு."

அவளுக்கு அது உடனே புரிந்தது. இரண்டு வருடமாக டாக்டர்கள் சொன்ன எதுவும் புரிந்ததில்லை.

"குடல்ல சேர்ற விஷத்தை ஈரல்தான் வடிகட்டணும். அவருக்கு வடிகட்டல. அது ரத்தத்துல ஏறி நேரா மூளைக்குப் போகுது. அந்த சிரப் வெறும் பேதி மருந்து இல்லம்மா. விஷத்தைக் குடல்லயே புடிச்சு வெளியே தள்ளுது. தினமும் ரெண்டு மூணு தடவை வயிறு போனாத்தான் அவர் மனுஷனா இருப்பார்."

"மனுஷனாவா?" அவள் சிரித்துவிட்டாள். நெஞ்சு வலித்தது. "வியாதி வந்து ரெண்டு வருஷம்தானேம்மா ஆகுது? எனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம்."

குளிர்ப்பெட்டி நின்று, மறுபடி முனக ஆரம்பித்தது.

"இன்னும் ரெண்டு நாள் ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

சல்லடை தயங்கினார். "ஆட்டம் அடங்கியிருக்கும். தூங்க ஆரம்பிச்சிருப்பார். அப்புறம் எழுப்ப முடியாது."



"தெரியாமத்தான் ஊத்தினேன்" என்றாள் அவள்.

"தெரியும். எங்க மேலயும் தப்பு இருக்கு, கிண்ணம் கை மாறினதுக்கே கையெழுத்துப் போட்டோம். அதனால யார்கிட்டயும் சொல்லல. ஆனா இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே ஊத்தினா அது வேற."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்மா. என் கழுத்துல கத்தி வச்சது வியாதியா, அவரா?"

"இன்னிக்கு வச்சது வியாதி. அது நிச்சயம்."

"மத்த நாளெல்லாம்?"

சல்லடை தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, போக்குவரத்தை நிறுத்துவது போல மணிக்கட்டை மடக்கிக் காட்டினார். "விஷம் தலையில இருந்தா கை இப்படி நிக்காது. பறவை இறக்கை மாதிரி விழுந்து விழுந்து எழும். தெளிஞ்சதும் டாக்டர் இப்படி நீட்டச் சொல்லுவார். ஆடலைன்னா தலை சுத்தமா இருக்குன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் அவர் என்ன செஞ்சாலும், செய்யறது அவர்தான்."

அன்றிலிருந்து அவள் அந்தக் கைக்காகக் காத்திருந்தாள்.

வேளைக்கு முப்பது மில்லி. ஒரு துளிகூடத் தொட்டிக்குப் போகவில்லை. இப்போது சிஸ்டர் பக்கத்தில் நின்று, "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். சல்லடை வைத்த புது வழக்கம் அது. எனிமாவுக்கு அன்று மாலைக்குள் பலன் தெரிந்தது. நாறியது. அவளும் லிஃப்டும் சேர்ந்து துடைத்தார்கள். லிஃப்ட் மூக்கில் பிளாஸ்திரியோடு, "நல்லவேளை அக்கா, எனக்கு வாசனையே தெரியல. உங்க வீட்டுக்காரர் உபயம்" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் கடைக்காரர் கத்தவில்லை. அதற்கடுத்த நாள் தண்ணீர் கேட்டார். கட்டை அவிழ்த்தார்கள். பெரியவரின் தலையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "என்னங்க, விழுந்துட்டீங்களா?" என்று விசாரித்தார். பெரியவர் போர்வையை மூக்குவரைக்கும் இழுத்துக்கொண்டார். கடைக்காரருக்கு எதுவுமே நினைவில் இல்லை.

ஒருவேளை எல்லாமே விஷம்தானோ என்று அவளுக்கு ஓர் ஆசை முளைத்தது. முப்பது வருடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணத்தை அவளே தேடி வைத்திருந்தாள். குடி, கடை நஷ்டம், வெயில், மாமியார் போட்டுக் கொடுத்தது. அந்த வரிசையில் ஈரலையும் சேர்த்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! வேளாவேளைக்குச் சிரப் கொடுத்தே மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம்.

ஏழாம் நாள் காலையில் டாக்டர் வந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி. கடையில கூட்டம் அலைமோதும். என்னை எப்போ விடுவீங்க?"

"நூறுலேர்ந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொன்பது... வியாபாரிகிட்ட வந்து கணக்கு கேக்கறீங்களே சார்."

"கையை நீட்டுங்க."

நீட்டினார். விரல்கள் விரிந்து, மணிக்கட்டு மடங்கி, இரண்டு பெரிய கைகளும் காற்றில் நின்றன. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அசைவே இல்லை. மேலே ஒரு கிண்ணம் சிரப் வைத்தாலும் சிந்தாது.

"பிரமாதம். தெளிவா இருக்கார்" என்று டாக்டர் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"கிட்ட வா" என்றார் கடைக்காரர். குரல் மெதுவாக இருந்தது.

அவள் போனாள். குனிந்தாள்.

"தம்பி சொன்னான். அந்த மூக்கு உடைஞ்சவனை வச்சா என் துணியை அவுத்தே? ஊரான் முன்னாடி என் மானத்தை வாங்கினியா?"

"உடம்பு முடியாம இருந்தீங்க..."

அவர் அவளுடைய இடது கையை எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆசையாகப் பிடித்திருப்பது போல இருக்கும். சுண்டுவிரல் ஏற்கெனவே என்றைக்கோ கோணிப்போனது. அதற்கு அடுத்த விரலைத் தேர்ந்து பிடித்து, பின்பக்கமாக நிதானமாக மடக்கினார். கோழிக்கால் ஒடிக்கும் சத்தம்தான். பிறகு கன்னத்தில் ஒரு அறை. காதுக்குள் நீளமாக ஒரு விசில் கேட்டது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

அவள் கத்தவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். அறைந்துவிட்டுப் போர்வை மேல் திரும்பிப் போய்ப் படுத்த கை. அது ஆடவில்லை.

சல்லடை மருந்துப் பையோடும் தாளோடும் வந்தார். பின்னாலேயே அண்ணனைக் கூட்டிப் போகக் கொழுந்தனும் வந்தான். சல்லடை அவள் விரலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சும்மா?"

"அவர் தெளிஞ்சுட்டார்மா" என்றாள் அவள்.

சல்லடையின் முகம் வெளுத்தது.

"அண்ணி, கையெழுத்தைப் போடுங்க, நேரமாகுது" என்றான் கொழுந்தன். மருந்து கொடுக்கும் பொறுப்பை ஏற்பவர் போட வேண்டிய கையெழுத்து அது. அது இல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

அவள் பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்தாள். அளவுக் கிண்ணத்தையும் எடுத்தாள். இரண்டையும் கடைக்காரரின் மடியில் வைத்தாள்.

"முப்பது மில்லி. அந்த மூணாவது கோடு வரைக்கும். ரெண்டு தடவைக்குக் குறைவா வயிறு போனா உங்க ஈரல் உங்களைச் சும்மா விடாது. காலையில வெள்ளை மாத்திரை இதயத்துக்கு. மஞ்சள் நீருக்கு. வலி மாத்திரை உங்க தம்பி வாங்கிட்டு வந்தா தொடாதீங்க."

"என்னடி உளர்றே? நீ எதுக்கு இருக்கே?"

"கை ஆடலைன்னு டாக்டர் எழுதிட்டார். நீங்களே ஊத்திக்கலாம்."

கடைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டிலை எடுத்து வீசினார். அது அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் வெடித்தது. கண்ணாடிச் சில்லு ஒன்று அவள் நெற்றியைக் கீறியது. சிரப் சுவரில் கெட்டியாக வழிந்தது.

கொழுந்தன் பாய்ந்தான். நடுவில் லிஃப்ட் வந்து நின்றார். பிளாஸ்திரி மூக்கும் கதவளவு தோளுமாக.

"சார், கண்ணாடி கிடக்கு, பார்த்து. கூட்டிப் பெருக்குற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது."

"தள்ளுடா!"

"எனக்கு இன்னொரு மூக்கு இல்ல சார். அதனால இந்தத் தடவை நான் முந்திக்குவேன்."

சல்லடை பேனாவை எடுத்தார். 'மருந்துகள் நோயாளியிடமே விளக்கப்பட்டன. தெளிவாக இருக்கிறார்' என்று எழுதி, தாளைக் கொழுந்தனிடம் நீட்டினார். "பொறுப்பு எடுத்துக்கறவர் இங்க போடணும். நீங்கதானே அண்ணன் மேல பாசமா இருக்கீங்க?"

அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் விரல் உயிரை எடுத்தது. நெற்றியிலிருந்து வடிந்த ரத்தத்தைத் தோளால் துடைத்துக்கொண்டாள். கீழ்த்தளத்தில் எலும்பு முறிவுப் பிரிவு இருந்தது. சுண்டுவிரல் கோணிய நாளிலும், விலா எலும்பு விரிசல் விட்ட நாளிலும் அவள் இங்கே வந்திருக்கிறாள். ஒருமுறை கதவில் மாட்டியது என்று எழுதச் சொன்னாள். ஒருமுறை வழுக்கி விழுந்தது என்று.

கூண்டுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

"என் வீட்டுக்காரர் ஒடிச்சார்" என்றாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "மேல பதினோராம் கட்டில். நல்லா எழுதிக்குங்க. தெளிவாத்தான் இருக்கார்."